தஸ்நேவிஸை நடத்திய தெரு

ஐஸ் கம்பெனித் தெருவில் தஸ்நேவிஸ் கம்ப்யூட்டருக்குள் நடக்கத் தொடங்கிய அன்றைக்குக் காலையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால், விஷயம் தெருவுக்குத் தெரிய மத்தியானம் ஆகிவிட்டது. எப்போதோ வருகிற தண்ணீர். அதை விட்டுவிட்டு யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எட்டிப்பார்க்க எங்களில் ஆளில்லை. அவன் மனைவி ஜெசிந்தாவே கடைசிக் குடத்தை இறக்கிவைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோதுதான், காலையில் வைத்த காப்பி ஆடை படர்ந்து அப்படியே இருப்பதையும், நாற்காலி மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருப்பதையும், திரையில் வழக்கமாக ஓடுகிற மஞ்சள் மழைக்கோட்டுக்காரனைக் காணாமல் அவன் இடத்தில் கட்டம் போட்ட லுங்கியும் முண்டா பனியனுமாகத் தன் புருஷன் நிற்பதையும் பார்த்தாள்.

"ஏங்க, காப்பி ஆறிட்டு" என்றுதான் முதலில் சொன்னாள்.

அவன் திரும்பவில்லை. நீண்ட நடைபாதையின் கோடியில், கேமரா எட்டாத மூலையிலிருந்து, தரை அதிர எதுவோ வருகிற சத்தம் கேட்டது.

தஸ்நேவிஸ் துறைமுகத்து எடைமேடையில் இராத்திரி வேலைக்காரன். விடிய விடிய லாரிகளை ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. பகல் தூக்கம் அவனுக்கு அடுத்தவர் செருப்பு மாதிரி, கால் நுழையும், நடக்க வராது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பகலை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, விளையாட உட்கார்ந்துவிடுவான். வாலிபத்தில் ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த ஒருவனிடம் டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி இருந்தது. அதில்தான் இந்த விளையாட்டை முதலில் பார்த்தான். கடலுக்கு நடுவே ஒரு ஆராய்ச்சிக் கட்டடம், அதற்கு மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு காவலாளி, அவனைத் துரத்துவதற்கென்று எந்தக் காலத்திலிருந்தோ வந்து சேர்ந்த ஒரு டைனோசர். கட்டடத்தில் பத்திரமான அறை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. தஸ்நேவிஸ் அந்தக் கதவு வரைக்கும் போயிருந்தான், அதற்குள் விசா முடிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆன பிறகும், தகப்பனாரை அடக்கம் செய்த பிறகும், தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்கிற யோசனை அவனை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் கடை கமால்பாட்சா ஒருநாள், "அண்ணே, நீங்க சொல்லிட்டே இருப்பீயளே, அந்த டைனோசரு, அதக் கம்ப்யூட்டருக்கே மாத்திட்டான்வ" என்று கொண்டுவந்து கொடுத்தபோது, அப்போதே அதைப் போட்டு விளையாட உட்கார்ந்துவிட்டான்.

மாற்றியவர்கள் யாரென்று தெரியாது, ஆனால் அவசரத்தில் மாற்றியிருந்தார்கள். வீடு மாறும்போது பரணில் சாமான் விட்டுப்போகிற மாதிரி, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற வழியில் சிலது விட்டுப்போயிருந்தது. ஆள் பேசினால் வாய் அசையும், குரல் வராது. நிறுத்திவைக்கிற பட்டனை அழுத்தினால் ஆள் நிற்பான், மிருகம் நிற்காது. விளையாடிய வரைக்கும் சேமித்துவைக்க வழியில்லை, அணைத்தால் முதலிலிருந்துதான். பத்திரமான அறையின் கதவில் போய் நின்றால் 'முக்கோணத்தை அழுத்தவும்' என்று இங்கிலீஷில் எழுத்து வரும். அந்தப் பெட்டியின் கைப்பிடியில் முக்கோணம் போட்ட பட்டன் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று கிடையாது. தஸ்நேவிஸ் வாரக்கணக்கில் அந்தக் கதவின் முன்னால் வந்து வந்து நின்றான், ஒரு நாள் திரைக்கு உள்ளேயே நின்றுவிட்டான் என்பதற்குமேல் அது எப்படி நடந்தது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

மூலையிலிருந்து மிருகம் வந்தது. முதலில் மூக்கு, அப்புறம் ஈரமான பல்வரிசை, அப்புறம் உடம்பு வந்துகொண்டே இருந்தது. ஜெசிந்தா அம்புக்குறிப் பட்டனை அழுத்தினாள். அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். வருஷக்கணக்காக ஐஸில் கிடந்த விரல்களுக்கு நுனியில் உணர்ச்சி கிடையாது, தீக்குச்சி சுட்டால்கூடப் பார்த்தால்தான் தெரியும். பட்டன் அமுங்கியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தஸ்நேவிஸ் ஒரு எட்டு வைத்தான், நின்றான், இன்னொரு எட்டு வைத்தான், சுவரில் முட்டினான். மிருகம் குனிந்து லுங்கியின் ஓரத்தைக் கவ்விக் கிழித்தது. இரவல் குடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த இட்லிக்கடை தங்கபுஷ்பம் வாசலில் நின்று பார்த்தவள், குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஜெசிந்தாவை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு, மாவாட்டுகிற தன் தடித்த விரலை அந்தப் பட்டன்மேல் ஊன்றினாள்.

"ஏட்டி, அழாத. புருசன் கண்ணு முன்னாடிதான நடக்காரு. எவளுக்கு இந்தக் குடுப்பினை? எம் மாப்பிள்ளை எங்க நடக்காருன்னு எனக்கு எட்டு வருசமாத் தெரியாது."

தஸ்நேவிஸ் ஓடினான். நடைபாதை, படிக்கட்டு, தொட்டிகள் வைத்த கூடம், பத்திரமான அறையின் கதவு, மறுபடி நடைபாதை. சுற்றிவந்தால் மிருகம் ஒரு திருப்பம் பின்னாலேயே வரும், எட்டிப் பிடிக்காது. நின்றால் பிடிக்கும். இவ்வளவுதான் தெருவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் பாதிப்பேர் துறைமுகத்து லோடுமேன்கள். யூரியாவோ முந்திரியோ, மூட்டை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும்போது தரையைத் தொட்டுவிட்டால் அந்த மூட்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எங்கள் கேங்கின் பழைய சட்டம். வாங்குகிறவன் கழுத்தில் பாரம் உட்கார்ந்து, அவன் 'ஏத்தாச்சு' என்று வாயால் சொன்ன பிறகுதான் கொடுக்கிறவன் கையை எடுப்பான். கேங்க் மேஸ்திரி பெரியநாயகம் சாயங்காலம் வந்து, கம்ப்யூட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பீடி தீர்கிற மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இதுவும் மூட்டைதான். ஒருத்தன் விரல் மேல அடுத்தவன் விரல வைக்கணும். 'ஏத்தாச்சு'ன்னு சொல்லணும். அப்புறம் கீழ உள்ளவன் உருவிக்கணும். நடுவுல பட்டன் மேல வந்துச்சுன்னா, அந்தப் பய எந்தலையில இருக்கான்னு நெனச்சுக்கிடுங்க."

அன்றைக்கு முதல் அந்தப் பட்டன் மேலே எழும்பவே இல்லை. காலையில் இட்லி வேலை முடிந்ததும் தங்கபுஷ்பம், அவளுக்குப் பிறகு வலை பின்னுகிறவர்கள், மத்தியானம் கப்பல் இல்லாத லோடுமேன்கள், சாயங்காலம் பெரியநாயகம், அதற்கப்புறம் தூக்கம் வராத எல்லோரும். எங்கள் தெருவில் தூக்கம் வராதவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறார், மற்றவர்கள் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. ஜெசிந்தாவுக்கு மட்டும் முறை கிடையாது. அவள் விரல் அப்படி. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் படிக்கட்டுத் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் முன்னால் குனிவாள். அந்த ஒரு இடத்தில்தான் கேமரா பக்கத்தில் இருந்தது. அங்கேதான் முகம் தெரியும். வாய் அசையும்.

"தண்ணி கேக்காரு" என்பாள் தங்கபுஷ்பம்.

"பீடி கேக்கான்" என்பார் பெரியநாயகம்.

"அவிய பீடி குடிக்க மாட்டாவ" என்பாள் ஜெசிந்தா. அதற்குள் அவன் திருப்பத்தைத் தாண்டியிருப்பான்.

தெருவுக்கு இது பழகிவிட்டது. மழை வந்தால் நனைந்தும், கப்பல் வராவிட்டால் படுத்தும் பழகின தெரு. ஜெசிந்தா மத்தியானச் சாப்பாட்டைத் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு யார் முறையில் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஊட்டிவிட்டாள், கை எடுக்க முடியாதே. பங்குச்சாமியார் வந்து, கமால்பாட்சா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் தீர்த்தத்தை மெஷின்மேல் தெளிக்காமல் மெஷின் இருந்த மேஜையின் கால்களில் தெளித்தார். தர்காவிலிருந்து கொண்டுவந்த கயிற்றை மவுஸின் வாலில் கட்டினார்கள். பெரியநாயகம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் திரைக்கு நேரே நீட்டி, "தம்பி, குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு அது விளங்கி, பத்திரிகையை மேஜையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

எடைமேடை கான்ட்ராக்டரின் ஆள் வந்து பார்த்தான். "நடக்காரு, சரி. ராத்திரியும் நடக்காரு, பகல்லயும் நடக்காரு. ஆனா எடை போடலையே?"

"லாரிய உள்ள அனுப்பு, போடுவாரு" என்றாள் தங்கபுஷ்பம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தஸ்நேவிஸ் கேமராவுக்கு முதுகைக் காட்டிப் போகும்போது வலது வலதுதான்; முகத்தைக் காட்டி வரும்போது வலதை அழுத்தினால் எங்களுக்கு இடப்பக்கம் திரும்புவான். இதைப் பழகிப் பழகி எங்களுக்கு நடையே மாறிவிட்டது. எதிரே வருகிறவருக்கு வழி விடுவதாக நினைத்து நேராக அவர்மேலேயே போய் முட்டினோம். ஐஸ் கம்பெனி வாசலில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றுக்கொன்று மரியாதையாக விலகி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மூலை திரும்பும் முன் நின்று, அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத் திரும்பும் வழக்கம் மீன் விற்கிறவர்களுக்குக்கூட வந்துவிட்டது.

மிருகத்தை யாரும் டைனோசர் என்று சொல்லவில்லை. தங்கபுஷ்பம் அதை 'சவம்' என்றாள், எல்லோரும் அப்படியே சொன்னோம். சவம் படியேறுது, சவம் தொட்டிகிட்ட நிக்கி. நாளாக ஆக அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு நாள் இட்லித்துணியைப் பிழிந்த கையோடு வந்து உட்கார்ந்த தங்கபுஷ்பம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், சவம். அதுவும் ஒண்ணும் திங்காமத்தான நடக்கு" என்றாள். அவளை யாரும் திட்டவில்லை.

முக்கோணத்துக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கதவு வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தச் சொல்லி எழுத்து வந்தது. கமால்பாட்சா யாரிடமோ கேட்டு அந்தப் பழைய பெட்டியின் கைப்பிடியையே கொண்டுவந்து சொருகினான். கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது, அதோடு சரி. பிறகு கதவைத் தாண்டும்போதெல்லாம் ஒவ்வொரு பட்டனாக, ஒரு ஆள் நடத்த இன்னொரு ஆள் அழுத்திப் பார்த்தோம். பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றை அழுத்தினபோது அவன் கையிலிருந்த காவலாளியின் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான். அது உருண்டு நின்று கொஞ்ச நேரம் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது, அடுத்த சுற்றில் மிருகம் அதை மிதித்தது. அதன்பின் தஸ்நேவிஸ் பாதி வழியை இருட்டில் நடந்தான். மிச்சப் பட்டன்களைத் தொட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. வலை பின்னுகிற பெண்கள் நகப்பூச்சால் ஒரு பட்டன்மேல் அழகாக முக்கோணம் வரைந்துவைத்தார்கள். அதையும் யாரும் அழுத்தவில்லை, வரைந்ததோடு விட்டோம்.

மழைக்கோட்டுக்காரன் மெலியமாட்டான். தஸ்நேவிஸ் மெலிந்தான். தாடி வளர்ந்தது, பனியன் தோளிலிருந்து நழுவியது, கிழிந்த லுங்கிக்குக் கீழே கால்கள் வீங்கின. படிக்கட்டில் அவன் மிதித்துப் போன இடத்தில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது, அது நிழல் என்று சொல்லிக்கொண்டோம். வாய் அசைவது நின்றது. கொஞ்ச நாளில் கண் திறப்பதும் நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டே கால்கள் மட்டும் எங்கள் விரலுக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கின. ஷார்ஜாவிலும் எடைமேடையிலும் எங்கேயும் வராத தூக்கம் கடைசியில் அவனுக்கு அங்கே வந்திருந்தது, படுக்கத்தான் இடம் தரவில்லை. ஜெசிந்தா படிக்கட்டுத் திருப்பத்தில் குனிவாள், முகத்தைப் பார்ப்பாள், நிமிர்வாள்.

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், காலை ஒன்பது மணிக்கு, நாள் பூராவும். முதல் மாதம் அது வந்தபோது எங்கள் தெரு லைன்மேன் சொரிமுத்து யாருக்கும் சொல்லாமல் எங்கள் தெருவுக்கு மட்டும் லைனை இறக்காமல் விட்டிருந்தான். ஊரே வேர்த்துக்கொண்டிருக்க எங்கள் தெருவில் மட்டும் ஃபேன் சுற்றியதைப் பார்த்து அவனைத் தோளில் தூக்காத குறைதான். மறுநாள் அவன் ஜெசிந்தாவை மட்டும் வெளியே கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி எங்கூட வேல பாக்குற பய அந்தக் கம்பத்துல ஏறிட்டான். கை வெந்துபோச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. கைதான்."

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பையனின் மனைவி அவளிடம் நன்றாகத்தான் பேசினாளாம், காப்பிகூட வாங்கிக் கொடுத்தாளாம். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாத அறிவிப்பு பேப்பரில் வந்தது. யாரும் சொரிமுத்துவிடம் கேட்கவில்லை, அவனாகவே வந்தான். "இந்தத் தடவ என்னால ஆகாது. நான் இல்லன்னாலும் இன்னொருத்தன் இறக்குவான். நானே இறக்குதேன்னு கேட்டு வாங்கியிருக்கேன். ஒன்பதுன்னா ஒன்பதுதான் இறக்குவேன், ஒரு நிமிசம் முந்த மாட்டேன். அதான் என்னால முடிஞ்சது."

பெரியநாயகம் ஜெனரேட்டர் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கினார். கமால்பாட்சா மேஜைக்கு அடியில் படுத்து, வயர்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, சட்டையிலிருந்த தூசியைத் தட்டாமலே நின்றான்.

"மாட்ட முடியாது அண்ணாச்சி."

"ஏம்ல முடியாது? பிளக்கு இருக்கு, ஓட்ட இருக்கு."

"இதப் புடுங்கினாத்தான அத மாட்ட முடியும்? புடுங்கினா அணைஞ்சிரும். இந்த யு.பி.எஸ் பேட்டரி செத்து வருசமாச்சு, வெறும் பெட்டி. ரெண்டு கரண்டையும் ஒண்ணா விடவும் முடியாது, வெடிச்சிரும்."

"கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள மாட்டிருவோம்லே."

"கண்ண மூடினாலே போதும் அண்ணாச்சி, முதல்லேருந்து ஆரம்பிச்சிரும். மழக்கோட்டுக்காரன் வருவான். இவரு வரமாட்டாரு."

மூட்டை தரையைத் தொடாமல் கைமாற்றுவதையே பிழைப்பாக வைத்திருந்த பெரியநாயகத்துக்கு, மின்சாரத்துக்கு 'ஏத்தாச்சு' என்று சொல்ல வாய் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் ஜெனரேட்டரின்மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நாள் விடிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போகவில்லை. ஜன்னல் போர்வையை விலக்கித் தலைகள், கதவில் தலைகள், மேஜைக்கு அடியில்கூட உட்கார்ந்திருந்தார்கள். பட்டன் பெரியநாயகத்திடம் இருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிடலாம், கரண்டு வருகிறவரை சவத்துக்குத் தெரியாது. இல்லை, வேகமாக ஓடவிட்டு அதற்கும் அவனுக்கும் நடுவே தூரத்தை வளர்த்துவிடலாம். இல்லை, நகப்பூச்சு போட்ட பட்டனை அழுத்திப் பார்த்துவிடலாம், இனி என்ன. பெரியநாயகம் எதையும் கேட்காமல் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் மணி தெரிந்திருந்தது.

ஜெசிந்தா எழுந்து ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"அண்ணாச்சி, எங்கிட்ட குடுங்க."

"ஏம்மா, ஒனக்கு வெரல்ல உணர்ச்சி கெடையாதேம்மா. பட்டன் மேல வந்தாலும் தெரியாதே."

"தெரியும். குடுங்க."

அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். தங்கபுஷ்பம் வேறு பக்கம் பார்த்தாள். ஜெசிந்தா தன் வெளுத்துச் சுருங்கின விரலை அவருடைய விரல் மேல் வைத்து, வெகுநேரம் வைத்திருந்து, "ஏத்தாச்சு" என்றாள். பெரியநாயகம் உருவிக்கொண்டார். தஸ்நேவிஸ் கூடத்தைத் தாண்டினான், கதவைத் தாண்டினான், எழுத்து வந்தது போனது, இருட்டில் காணாமல் போனான், வந்தான், படிக்கட்டில் ஏறினான். திருப்பத்தில் அவன் முகம் பக்கத்தில் வந்தது. இமைகள் ஒட்டியிருந்தன. வாயோரத்தில் எச்சில் வழிந்து தாடியில் காய்ந்திருந்தது. குறட்டைதான் கேட்கவில்லை.

"தூங்குத ஆள நடத்துதோம் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த வீட்டில் எழுந்த சத்தத்தை ஐஸ் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். பெரியநாயகம் பாய்ந்தார். தங்கபுஷ்பம், என்ன நினைத்தாளோ, அவர் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஜெசிந்தா இரண்டு உள்ளங்கைகளாலும் பட்டன்களை மூடிக்கொண்டாள், அழுத்தாமல், சுடுசோற்றுக்குமேல் தட்டைக் கவிழ்த்து வைப்பதுபோல.

தஸ்நேவிஸ் நின்றான். விரல் எடுத்தால் மழைக்கோட்டுக்காரன் எப்படி நிற்பான் என்று எங்களுக்குத் தெரியும்: தோள்கள் மட்டும் ஏறி இறங்க, இரண்டு கைகளையும் விறைப்பாகத் தொங்கவிட்டு, அடுத்த உத்தரவுக்காக. தஸ்நேவிஸ் அப்படி நிற்கவில்லை. தள்ளாடினான். சுவரில் கையை ஊன்றினான். சுவரில் கை ஊன்றுவதற்கு எந்தப் பட்டனும் கிடையாது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தான், விரல்களை மடக்கி நீட்டினான். இத்தனை நாளும் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தோம். ஒரு தடவைகூட, ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட, நாங்கள் விட்டால் அவன் என்ன செய்வான் என்று பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தக் கதவை அவன் கையாலேயே தள்ளியிருப்பானோ என்னவோ. இப்போது கதவு இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது. நடுவில் சவம் வந்துகொண்டிருந்தது.

"ஓடச் சொல்லுட்டி" என்று தங்கபுஷ்பம் அழுதாள். "ஓடச் சொல்லேன், ஏட்டி."

ஜெசிந்தா சொல்லவில்லை.

அவன் படியைத் தடவிப் பார்த்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ள இறங்கி, உட்கார்ந்தான். ஒரு காலை நீட்டினான். மற்றக் காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்தான். ஆடுசதையை அமுக்கிவிட்டுக்கொண்டான். லாரி வரிசை நீண்ட நாட்களில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படித்தான் உட்கார்ந்து அமுக்கிவிட்டுக்கொள்வான் என்று ஜெசிந்தா பின்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மிருகத்தின் நிழல் படியில் விழுந்தது. அவன் நிமிர்ந்து அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் திரும்பக் காலை அமுக்கினான். அது அவனுக்கு முன்னால் வந்து நின்று தலையைத் தாழ்த்தியது.

ஃபேன் நின்றது.

திரையில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. வெளியே ஊர் முழுக்க மோட்டார்கள் நின்றுபோன அமைதி. கப்பல் ஒன்று எங்கோ சங்கு ஊதியது. பெரியநாயகத்தின் ஆள்காட்டி விரல் தங்கபுஷ்பத்தின் பிடிக்குள் இன்னும் வளைந்தபடியே இருந்தது.

டிரான்ஸ்பார்மரிலிருந்து சொரிமுத்து ஓடிவந்தான். கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. இந்தத் தெருவில் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அவனுக்குச் சொன்னார்கள். சவம் வாயைத் திறந்தது என்றான் ஒருவன். திறக்கவில்லை, மோந்து பார்க்கத்தான் குனிந்தது என்றாள் ஒருத்தி. அதுவும் முன்னங்காலை மடக்கியது, படுக்கப்போனது, நான் பார்த்தேன் என்று வலை பின்னுகிற பெண் சத்தியம் செய்தாள். இல்லை, அப்படிக் கால் மடக்கிவிட்டுத்தான் பாயும் என்றார் கமால்பாட்சாவுக்குப் பின்னால் நின்றவர். சொரிமுத்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஜெசிந்தாவின் முன்னால் வந்து முட்டுக்குத்தி உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஒன்பதுக்குத்தான் இறக்கினேன். முந்தல. சத்தியமா முந்தல. என்னக்கா ஆச்சு?"

அவள் கைகள் இன்னும் பட்டன்களை மூடியபடியே இருந்தன.

"உக்காந்தாவ" என்றாள்.

"அப்புறம்?"

"கால நீட்டி உக்காந்தாவ."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெள்ளக் கையுறைகளைக் கழற்ற ஆரம்பித்தான்.